சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு: மாணவர் குழுவை அழைத்துப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

இருபது மாணவர்கள், நான்கு பெரியவர்கள், பத்து நாள் தமிழ்நாட்டுப் பயணம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு இதை ஏற்பாடு செய்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுக்க ஈப்போவுக்குப் போக வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தூரம். பெற்றோரில் பலர் ஆலையில் ஷிப்டு பார்ப்பவர்கள். நினைத்த நாளில் லீவு கிடைக்காது. குழுப் பயணங்கள் இடறுவது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்னால், பத்திரங்களில்தான். அதனால் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகளையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆறு மாதம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். நான்கு மாதத்துக்குக் குறைந்தால் இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஆண்டிறுதி விடுமுறைதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. சென்னையும் டெல்டா மாவட்டங்களும் நனையும் காலம். நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்களால் விமானமும் ரயிலும் நிறையும். பொங்கலை ஒட்டி ரயிலில் இடம் கிடைப்பது அரிது. ஏப்ரல் கடைசியிலிருந்து கத்திரி வெயில் முடியும் வரை சிறு பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது என்பது எங்கள் கருத்து. டிசம்பரில்தான் போக முடியும் என்றால் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள். மழை பெய்தால் அது கைகொடுக்கும்.

பள்ளியின் பெயரில் போவதா, ஆலயம் அல்லது இளைஞர் மன்றத்தின் பெயரில் போவதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். அரசாங்கப் பள்ளியின் பெயரில் என்றால் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி, மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். உடன் வரும் ஆசிரியர்களுக்கு வெளிநாடு போகத் தனி அனுமதி வேண்டும். எழுத்தில் அனுமதி வரும் முன் விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.

2. பிறப்புப் பத்திரத்தைப் பார்க்காமல் பெயர்ப் பட்டியல் போடாதீர்கள்

அறிவிப்பு செய்து, பெயர் வாங்கி, முன்பணம் வசூலித்த பிறகு ஒரு பிள்ளைக்குக் கடப்பிதழே எடுக்க முடியாது என்று தெரியவந்தால் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! தோட்டப் பகுதிகளில் இது நடக்கக்கூடியதுதான். அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே பெற்றோரைத் தனித்தனியாகப் பார்த்துப் பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

அதில் குடியுரிமை நிலை என்ற வரியைப் படியுங்கள். 'வார்கனெகாரா' (குடிமகன்) என்று இருந்தால் சரி. 'புக்கான் வார்கனெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருந்தாலோ, மாணவரிடம் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை இருந்தாலோ மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. பெற்றோரின் திருமணம் பதிவாகாதது, தாய்க்கே பத்திரம் இல்லாதது, பிள்ளையைத் தத்தெடுத்துப் பதிவு செய்யாமல் விட்டது ஆகியவை வழக்கமான காரணங்கள். வயது வரம்புக்கு உட்பட்டவர்கள் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அது உங்கள் பயணத்துக்குள் முடிகிற காரியமல்ல. ஆனாலும் பயணத்தைச் சாக்கிட்டாவது அந்தக் குடும்பத்தைத் தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துப் போங்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன்னிலையில் இதைப் பேசவே பேசாதீர்கள்.

3. கடப்பிதழ்

13 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஐந்தாண்டுக் கடப்பிதழ் 200 ரிங்கிட். 12 வயதும் அதற்குக் கீழும் 100 ரிங்கிட். 18 வயதுக்குட்பட்டவர் தாய் அல்லது தந்தையுடன், அல்லது சட்டப்படியான பாதுகாவலருடன் நேரில் போக வேண்டும். பாட்டியோ சித்தப்பாவோ வளர்க்கும் பிள்ளை என்றால் பாதுகாவலர் என்பதற்கான பத்திரம் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் காசும் வீண்.

கொண்டு போக வேண்டியவை: பிறப்புப் பத்திரத்தின் அசல், மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) அல்லது மைகார்ட் (அடையாள அட்டை), பெற்றோரின் மைகார்ட், பழைய கடப்பிதழ் இருந்தால் அதுவும். 12 வயது நிறைந்த மாணவர் முதலில் மைகார்ட் எடுத்துவிட்டுப் போகட்டும். படத்தை முகப்பிலேயே (கவுண்டரில்) எடுப்பார்கள். பின்னணி வெள்ளை என்பதால் அடர்நிறச் சட்டை போட்டுப் போக வேண்டும். பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டையோடு போய்த் திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். பொதுவாக அன்றைக்கே கடப்பிதழ் கிடைத்துவிடும், பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தைத் தவிர.

ஏற்கனவே கடப்பிதழ் வைத்திருப்பவர்களிடம் காலாவதித் தேதியைக் கேட்டால் போதாது, வாங்கிப் பாருங்கள். இந்தியாவுக்கு ஆறு மாதம் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

4. பெயர்: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. 'குமரன் ஏ/எல் சுப்பிரமணியம்' என்று ஒரே வரியில் கடப்பிதழில் இருக்கும் ('ஏ/எல்' என்றால் மகன், 'ஏ/பி' என்றால் மகள்). விமான நிறுவனத்தின் படிவமும் விசாப் படிவமும் பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்கும். நடுவிலுள்ள சாய்கோட்டை ஏற்காது. இருபது பெற்றோர் இருபது விதமாக நிரப்பினால், ஒரு சீட்டில் அப்பா பெயர் முன்னால் வரும், இன்னொன்றில் 'ஏ/பி' காணாமல் போகும், மூன்றாவதில் பெயரே பாதியாக நிற்கும்.

அதனால் பெயர் நிரப்பும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். கடப்பிதழின் படப் பக்கத்தைப் பார்த்து ஓர் எக்செல் பட்டியல் தயாரிக்கட்டும்: முழுப் பெயர் எழுத்துக்கு எழுத்து, கடப்பிதழ் எண், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், அவர்கள் பிறந்த ஊர். சாய்கோட்டை விட்டுவிட்டு, பெயரை எப்படிப் பிரிப்பது என்று ஒரு முறை முடிவு செய்து, அதையே 24 பேருக்கும் சீட்டிலும் விசாவிலும் பின்பற்றுங்கள். பிறகு வேறொருவர் கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். லட்சுமியில் ஓர் எழுத்து, சரவணனில் ஓர் எழுத்து எப்படியும் சிக்கும். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், கடப்பிதழில் வேறு என்றால் கடப்பிதழில் உள்ளதே கணக்கு.

5. விமானச் சீட்டு

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்; சென்னைக்கும் அப்படித்தான். 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. வட பேராக்கிலிருந்து போகிறவர்களுக்குப் பினாங்கு அருகில் என்பதால் அந்த விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தஞ்சாவூர், மதுரை பக்கம்தான் பயணம் என்றால் திருச்சியே நல்லது. சென்னையில் இறங்கினால் தெற்கே வர மட்டும் ஒரு நாள் போய்விடும்.

பத்துப் பேருக்கு மேல் என்றால் விமான நிறுவனங்களில் குழுப் பதிவு கேளுங்கள். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு பெயர்களைப் பின்னால் கொடுக்கலாம். இணையத்தில் தெரியும் மலிவு விலையைவிட இது கூடுதலாகத் தெரியலாம். ஆனால் ஒரு பிள்ளை விலகி வேறொரு பிள்ளை சேரும்போது அந்தக் கூடுதலின் பயன் தெரியும். மலிவு விலைச் சீட்டில் 7 கிலோ கைப்பெட்டி மட்டுமே அடக்கம். போகும்போது இருவருக்கு ஒரு பெட்டி என்று பணம் கட்டினால் போதும். வரும்போது துணியும் புத்தகமும் சேரும் என்பதால் ஆளுக்கொன்று எடுங்கள். முகப்பில் நின்று எடைக்குப் பணம் கட்டுவது மிக அதிகம்.

6. இ-விசா

அரசாங்கத் தளம் ஒன்றுதான்: இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன். தேடும்போது மேலே வருகிற பல தளங்கள் தரகர்களுடையவை. பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், பல மடங்கு கட்டணம் வாங்கும். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியருக்கான கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. பெற்றோரிடம் வசூலிக்கும் முன் அதே தளத்தில் உள்ள நாடுவாரிக் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். வங்கிக் கட்டணம் தனி.

30 நாள் சுற்றுலா விசாவுக்கு, வந்து சேரும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களுக்கு 120 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். 30 நாள் விசா எடுப்பவர்கள் 25 நாள் இருக்கும்போதே தொடங்குங்கள். கடைசி நான்கு நாளுக்குத் தள்ளினால் விண்ணப்பிக்கவே முடியாது. அனுமதித் தாளில் போட்டிருக்கும் காலாவதித் தேதி, அதற்குள் நுழைய வேண்டும் என்பதைக் குறிக்கும். தங்கும் 30 நாள் நுழைந்த தேதியிலிருந்து கணக்காகும்.

இ-விசாவில் குழு விசா என்று ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு விண்ணப்பம், ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 24 பேருக்கு 12 மணி நேர வேலை. இரண்டு பேர் நான்கு மாலைகளில் முடிக்கலாம். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து எல்லா விண்ணப்பங்களுக்கும் அதையே கொடுங்கள்.

சிக்கும் இடங்கள் இவை. படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், ஜேபெக் கோப்பாக, 10 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடையில் இருக்க வேண்டும். கடப்பிதழின் படப் பக்கம் பிடிஎஃப் கோப்பாக, 300 கேபிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் சாய்வாக எடுத்து, விளக்கொளி பளிச்சென்று விழுந்த படம் நிராகரிக்கப்படும். தொழில் என்ற இடத்தில் மாணவர் என்று போட்டதும் தந்தையின் தொழில் விவரத்தைக் கேட்கும். பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இந்தியாவில் அறிந்தவர் என்ற இடத்துக்குத் தங்குமிடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வேண்டும். பாதியில் தளம் நின்றுபோகும் என்பதால் முதல் பக்கத்தில் வரும் தற்காலிக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பணம் கழிந்தும் நிலவரம் மாறவில்லை என்றால் பதற்றத்தில் மறுபடியும் கட்டாதீர்கள், சில மணி நேரம் பொறுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது.

'கிராண்டட்' (அனுமதி கிடைத்தது) என்று வந்ததும் ஆளுக்கு இரண்டு தாள் அச்செடுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் இ-அரைவல் அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான்; வந்து சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள் இதற்கென்று இரண்டு பேரை உட்கார வையுங்கள்.

7. பெற்றோர் சம்மதக் கடிதம்

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும்: மாணவர் பெயர், கடப்பிதழ் எண், பயணத் தேதிகள், அழைத்துப் போகும் பெரியவர்களின் பெயரும் கடப்பிதழ் எண்ணும், பெற்றோரின் மைகார்ட் எண், கையொப்பம், அவசரத்தில் மருத்துவம் பார்க்கச் சம்மதம். சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டால் மதிப்பு கூடும். இருபது குடும்பங்களை அவர் அலுவலகத்துக்கு அலைய விடாமல், ஒரு மாலையில் அவரைப் பள்ளி மண்டபத்துக்கே அழைத்துவிடுங்கள்.

8. பணம்

தலைவரின் சொந்தக் கணக்கில் வசூலிக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அல்லது மன்றத்தின் கணக்கு, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது. தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு அடுத்த வாரம் வையுங்கள். விலகினால் எதைத் திருப்பித் தருவோம், எதைத் தர முடியாது என்று முதல் நாளே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடப்பிதழ், விசா, விமானம், பயணக் காப்புறுதி, இங்குள்ள பேருந்து, அங்குள்ள வண்டி, தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் என்று தனித்தனியாகக் கணக்கு போட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குங்கள்.

வீட்டுப் பீரோவில் பாட்டி வைத்திருக்கும் ரூபாய் நோட்டுகளைப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். 2016 நவம்பரில் பழைய 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போயின. 2000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது, கடையில் வாங்க மாட்டார்கள். குழுவின் மொத்தப் பணத்தையும் ஒருவரே சுமக்க வேண்டாம்: 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டுகள் கையில் இருந்தால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே டீக்கடை வரை கைப்பேசியில்தான் பணம் கட்டுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் நீங்கள் ரொக்கத்தையே நம்பியிருப்பீர்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறையை எப்போதும் வைத்திருங்கள்.

9. பெட்டியில் எது, எது வேண்டாம்

நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது. உருண்டை முள் அடாப்டர் வேண்டும். மின்னேற்றி வங்கி (பவர் பேங்க்) கைப்பையில்தான் போக வேண்டும். மின்சிகரெட் இந்தியாவில் தடை. இடைநிலைப்பள்ளிப் பையன்களின் பைகளைப் பெற்றோர் முன்னிலையில் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் காதில் ஒரு சிறு தோடோடு வரட்டும். சங்கிலி, வளையல் வேண்டாம். திருச்சியில் மலேசியாவிலிருந்து வரும் தங்கத்தைச் சுங்கத்தார் கூர்ந்து பார்ப்பார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: விமான நிலையத்தில் யாராவது வந்து, "தம்பி, எனக்கு எடை கூடிப்போச்சு, இந்தப் பொட்டலத்த மட்டும் எடுத்துட்டுப் போயா, அங்க என் மச்சான் வந்து வாங்கிக்குவாரு" என்றால், யாராக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். குருவி வேலை பார்ப்பவர்கள் (கூலிக்குப் பொருள் கடத்துபவர்கள்) மாணவர் குழுக்களைத்தான் தேடுவார்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் பிடிபடுவது கையில் வைத்திருப்பவர்.

10. புறப்படும் இரவு

இ.டி.எஸ். ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது. ஆனால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறினால் பெரியவருக்கு 55 ரிங்கிட். 24 பேருக்குப் பெரியவர் கட்டணமே போட்டால் அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் 1,320 ரிங்கிட். பெட்டிகளோடு படியேறி இறங்குவது வேறு. பள்ளி வாசலிலிருந்து ஒரு தனிப் பேருந்தை வாடகைக்கு எடுப்பதே மேல். காலை 8 மணி விமானம் என்றால் 5 மணிக்கு முகப்பில் நிற்க வேண்டும். வழியில் ஒரு நிறுத்தம் சேர்த்து நள்ளிரவு 12.30க்குப் பேருந்து கிளம்ப வேண்டும். ஏர் ஆசியா இரண்டாம் முனையம்; வேறு நிறுவனம் என்றால் எந்த முனையம் என்று சீட்டில் பாருங்கள். ஓட்டுநருக்கு இதை எழுதியே கொடுங்கள்.

கடப்பிதழ்களைப் பேருந்திலேயே வசூலித்து, நான்கு பெரியவர்களும் ஆளுக்கு ஐந்து மாணவர்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவு வரிசையில் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்து, கடந்ததும் திரும்ப வாங்குங்கள்.

11. இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்புங்கள். இ-விசாவுக்கு உரிய முகப்பில் ஒவ்வொருவரின் கைரேகையும் படமும் எடுப்பார்கள். 24 பேர் முடிய ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்; வெளியே காத்திருக்கும் வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒரு பெரியவர் முதலில், ஒருவர் கடைசியில் நிற்கட்டும். எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி. தங்குமிடத்தின் பெயர், முகவரி, உள்ளூர்த் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒவ்வொரு சட்டைப் பையிலும் இருந்தால் எந்தப் பிள்ளையும் விழிக்காது. தமிழிலேயே பதில் சொல்லலாம்.

உள்ளூர் சிம் வாங்கக் கடப்பிதழும் விசாத் தாளும் கேட்பார்கள். உடனே உயிர்பெறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்கள் இருவராவது மலேசிய எண்ணிலேயே ரோமிங் எடுத்து வாருங்கள்.

12. தங்குமிடமும் சி படிவமும்

வெளிநாட்டவர் யார் தங்கினாலும், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று அறியப்பட்ட வெளிநாட்டவர் விவரப் படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். விடுதிக்கு மட்டுமல்ல, கல்லூரி விடுதி, மடம், உறவினர் வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சின்ன லாட்ஜுகள் பல இதைப் பதிவதில்லை. நாம் தமிழ் பேசுவதால் உள்ளூர்க்காரர் என்று நினைத்து முன்பதிவு எடுத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குக் கடப்பிதழைப் பார்த்ததும் இடமில்லை என்பார்கள். முன்பதிவின்போதே, "நாங்க மலேசியப் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். கடப்பிதழ், விசா நகல்கள் ஐந்து கட்டு கொண்டு போங்கள், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கட்டு போகும்.

13. ஊருக்குள் போக்குவரத்து

24 பேருக்கு மினி பஸ்தான் சரி. கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா (ஓட்டுநரின் படிப்பணம்) சேர்ந்ததா, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரை 135. அரசுப் பேருந்தில் போக நினைத்தால், திருச்சியின் வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் 2025 ஜூலை முதல் பஞ்சப்பூர் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய வழிகாட்டிகள் மத்தியப் பேருந்து நிலையம் என்றே சொல்லும்.

ரயிலுக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கும். ஒரு சீட்டில் ஆறு பேர்தான் என்பதால் உங்களுக்கு நான்கு சீட்டு வேண்டும். 'டபிள்யூஎல்' என்று வந்தால் அது காத்திருப்புப் பட்டியல். உறுதியாகாவிட்டால் ஏற முடியாது. தட்கலில் (கடைசி நேர ரயில் பதிவில்) பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும்.

மாமல்லபுரச் சிற்பங்களைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. 15 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். முகத்தைப் பார்த்து 40 ரூபாய்ச் சீட்டு கொடுத்தாலும் வாங்காதீர்கள், உள்ளே கேட்டால் பிள்ளைகள் முன் தலைகுனிய நேரும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

14. உடல்நலமும் அவசரமும்

குடலுக்கு ஆகாமல் போவதுதான் முதல் தொல்லை. மூடி உடைக்காத போத்தல் தண்ணீர், சூடாக வந்த சாப்பாடு. சாலையோர நறுக்கிய பழமும் ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். டைபாய்டு ஊசி பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஆளுக்கு நான்கு. இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 108. கடப்பிதழ் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், அதன் பிறகு வெளியேறும் அனுமதி. சில நாட்கள் பிடிக்கும். திருச்சியிலிருந்து சென்னை 330 கிலோமீட்டர் என்பதால் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையோடு தங்கிவிட வேண்டியிருக்கும். நான்கு பெரியவர்கள் வேண்டும் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். அவர்களில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும்.

15. திரும்பும் நாள்

இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே காவலர் கடப்பிதழையும் பயணச் சீட்டையும் சேர்த்துப் பார்ப்பார். அச்சடித்த சீட்டில் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். வழியனுப்ப வந்த உறவினர் உள்ளே வர முடியாது. பிரியாவிடைக்கு வெளியே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியில் போகாது. மாம்பழம், கறிவேப்பிலைக் கன்று, விதை எல்லாம் அனுமதிச் சீட்டு இல்லாமல் கே.எல்.ஐ.ஏ.வில் பறிபோகும். கோலாலம்பூரில் நள்ளிரவுக்கு மேல் இறங்குகிற விமானம் என்றால், திரும்பும் பேருந்தையும் போகும்போதே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு நெடுஞ்சாலையிலுள்ள தாப்பா ஓய்விடத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பினால் அவர்கள் சரியான நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.